மூன்றாம் அமென்ஹோடெப்: எகிப்திய அரச கலையின் உச்சத்தை எங்கே தேடுவது?

கேள்வி இது: "எகிப்திய அரச கலை என்றாலே துட்டன்காமனின் தங்க முகமூடியைத்தான் காட்டுகிறார்கள். உண்மையிலேயே அதுதான் உச்சமா? ஒரே ஒரு பாரோ மன்னரின் காலத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்ப்பதென்றால் யாருடைய காலத்தைப் பார்க்கலாம்?"

என் பதில் மூன்றாம் அமென்ஹோடெப். பதினெட்டாம் அரச வம்சத்தவர். கி.மு. 1390 வாக்கில் பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஆண்டவர். 2010ல் வெளியான மரபணு ஆய்வின்படி துட்டன்காமன் இவருடைய பேரன். பேரனின் கல்லறை ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. தாத்தாவின் கல்லறை பழங்காலத்திலேயே கொள்ளை போய்விட்டது. இன்றைக்குப் பேரன் பெயரை உலகமே சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கலைத்தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பேரன் காலத்துத் தட்டார்களும் தச்சர்களும் சிற்பிகளும் தாத்தா காலத்துப் பட்டறைகளில் தேறிய கைப்பழக்கத்தைத்தான் தொடர்ந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மன்னர் காலத்துப் பொருள்களை "இது அழகான தலை, அது பெரிய சிலை" என்று தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அவை எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. உயிரோடு இருக்கும் மன்னரைச் சூரியக் கடவுளாக நிறுத்துவதுதான் அந்த வேலை. எந்தக் கல், என்ன நிறம், எவ்வளவு உயரம், முகத்துக்கு என்ன வயது என்பதெல்லாம் அதற்காகத் தேர்ந்தெடுத்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் துண்டுகள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பிக்கும்.

இவ்வளவு செய்யப் பணம் எங்கிருந்து வந்தது? முந்தைய தலைமுறைகள் போரிட்டுப் பிடித்த நிலங்களிலிருந்து கப்பம் வந்தது. எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கத்தில் இருந்த நூபியாவிலிருந்து தங்கம் வந்தது. ஐந்தாம் ஆட்சியாண்டில் நூபியாவில் நடந்த படையெடுப்பைத் தவிர இவர் காலத்தில் சொல்லும்படியான போர் இல்லை. இவர் மகன் பின்னால் தலைநகராக்கிய அமர்னாவில் 1887ல் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களில், வடக்கே சிரியா பக்கத்து மித்தானி நாட்டு மன்னர் துஷ்ரத்தா இவருக்கு எழுதியவையும் இருக்கின்றன. "என் சகோதரரின் நாட்டில் தங்கம் மண்ணைப்போல் கிடக்கிறது" என்ற பொருளில் எழுதி, எனக்கும் அனுப்புங்கள் என்று கேட்கிறார் துஷ்ரத்தா. அந்தத் தங்கம்தான் கோயிலாகவும் சிலையாகவும் நாற்காலியாகவும் மாறியது.

பெரிய சிலைகளுக்குப் போவதற்கு முன்னால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைப் பார்த்துவிடலாம். சாணி உருட்டும் வண்டின் வடிவத்தில் மாக்கல்லைச் செதுக்கி, நீலப் பச்சை மெருகு பூசி, அடிப்பக்கம் தட்டையாக விட்டு அதில் எழுத்துப் பொறித்த 'ஸ்காரப்' கற்கள். சூரியன் தினமும் புதிதாகப் பிறப்பதற்கு எகிப்தியர் வைத்திருந்த அடையாளம் இந்த வண்டு. ஸ்காரப்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அமென்ஹோடெப் அவற்றை அரச அறிவிப்புப் பலகையாக மாற்றினார். 200க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. சூடானிலிருந்து சிரியா வரை பல இடங்களில் எடுத்திருக்கிறார்கள். ஐந்து வகைச் செய்திகள் அவற்றில் உண்டு. இரண்டாம் ஆண்டில் காட்டெருதுகளை வேட்டையாடியது ஒன்று. முதல் பத்து ஆண்டுகளில் 102 சிங்கங்களைத் தன் கையால் கொன்றது இன்னொன்று. பத்தாம் ஆண்டில் மித்தானி இளவரசி கிலுகெபா 317 தோழிப் பெண்களோடு வந்து இறங்கியது மூன்றாவது. மிச்சம் இரண்டும் அரசி தியேயைப் பற்றியவை.

அந்த இரண்டில் ஒன்று திருமணச் செய்தி. அரசியின் பெயரைச் சொல்லி, அப்பா பெயர் யூயா, அம்மா பெயர் தூயா என்று சொல்லி, இவள் வலிமை மிக்க மன்னரின் மனைவி, அவருடைய எல்லை தெற்கே காரோய், வடக்கே நஹரின் என்று முடிகிறது. யூயாவும் தூயாவும் அரச குடும்பத்தார் இல்லை; அக்மீம் ஊர்க்காரர்கள். அரச ரத்தம் இல்லாத பெண்ணின் பெற்றோர் பெயரைப் பேரரசு முழுக்கப் பரப்புவது அதற்கு முன் நடக்காத ஒன்று. மற்றொன்று, பதினோராம் ஆண்டில் தியேக்காக வெட்டிய ஏரி. நீளம் 3,700 முழம். இன்றைய கணக்கில் 1.9 கிலோமீட்டருக்கு மேல். மன்னர் அதில் படகு விட்டார் என்றும் படகின் பெயர் 'ஒளிரும் ஆத்தென்' என்றும் எழுதியிருக்கிறது. ஆத்தென் என்ற சூரிய வட்டை மகன் அக்கெனாதென் திடீரென்று கண்டுபிடித்த கடவுள் என்று நினைப்பவர்கள் இந்தப் படகின் பெயரை ஒருமுறை கவனிக்க வேண்டும்.

அரசி தியேயைத் தனியாகப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் காலத்துக் கலையின் பாதி அவர். கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் மன்னரும் அரசியும் அருகருகே உட்கார்ந்திருக்கும் ஏழு மீட்டர் சுண்ணாம்புக்கல் சிலை இருக்கிறது. மதினத் ஹாபு பகுதியில் கிடைத்தது. வழக்கமாக மன்னரின் முழங்கால் உயரத்துக்குத்தான் மனைவியைச் செதுக்குவார்கள். இங்கே தியே கணவருக்குச் சமமான உயரம். அரசியின் கை கணவரின் இடுப்பைச் சுற்றியிருக்கிறது. முழங்காலடியில் சின்னதாக நிற்பவர்கள் மகள்கள். தீப்ஸில், அதாவது இன்றைய லக்ஸரில், கெருயெஃப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் தியேயின் சிம்மாசனம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கவாட்டில் தியே பெண் ஸ்பிங்க்ஸாக, அதாவது மனிதத் தலையும் சிங்க உடலுமாக, எதிரி நாட்டுப் பெண்களை மிதிக்கிறார். எதிரிகளை மிதிப்பது அதுவரை மன்னருக்கே உரிய காட்சி.

ஆனால் தியேயை நேருக்கு நேர் சந்திக்க வேண்டுமானால் பெர்லினுக்குத்தான் போக வேண்டும். நோயஸ் மியூசியத்தில் இருக்கும் மரத்தலை, மேலே உள்ள இறகுக் கிரீடத்தோடு சேர்த்தே ஒரு சாண் உயரம்தான். யூ மரத்தில் செய்தது. ஃபாயூம் பகுதியில் குராப் என்ற இடத்திலிருந்து வந்தது. மூக்கின் இரு பக்கமும் கீழே இறங்கும் கோடுகள், ஓரங்களில் தொங்கும் வாய், களைத்த இமைகள். வயதான, அதிகாரம் பழகிய ஒரு பெண்ணின் முகம். அரச குடும்பத்தாரை என்றும் இளமையாகவே காட்டிய ஒரு மரபில் இப்படி ஒன்றைச் செய்யத் துணிந்த சிற்பியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இன்னொரு செய்தி தெரிந்தது. வெளியே தெரியும் தலையலங்காரத்துக்குக் கீழே வெள்ளித் தலைப்பாகையும் தங்க நகைகளும் மறைந்திருக்கின்றன. பிற்காலத்தில் அதன்மேல் துணியைப் பசை தடவி ஒட்டி, நீலக் கண்ணாடி மணிகளைப் பதித்து, உச்சியில் தெய்வங்களுக்குரிய கிரீடத்தை வைத்திருக்கிறார்கள். அரசியாகச் செய்த தலையையே தெய்வமாக மாற்றியிருக்கிறார்கள். முகத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

இனிப் பெரிய சிலைகள். லக்ஸரின் மேற்குக் கரையில் வயல்வெளி நடுவே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருருவங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மெம்னோன் சிலைகள் என்கிறார்கள். இரண்டும் அமென்ஹோடெப்தான். பீடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 18 மீட்டர். ஒவ்வொன்றும் சுமார் 700 டன் என்று மதிப்பிடுகிறார்கள். கல் குவார்ட்சைட். கிரானைட்டைப் போலவே உளியை எதிர்க்கும் கல் அது. கெய்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஜெபல் அல்-அஹ்மர் குன்றிலிருந்து வெட்டியது என்பது பரவலான கருத்து. அஸ்வான் பக்கத்துக் கல் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. வடக்கிலிருந்து வந்ததென்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், நைல் ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக, அத்தனை எடையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் வேண்டிய மட்டும் கிடைக்க, ஏன் இந்தப் பாடு? குவார்ட்சைட் சூரியனின் கல். ஜெபல் அல்-அஹ்மர், சூரியக் கடவுள் ராவின் ஊரான ஹீலியோபோலிஸுக்கு அருகில் இருக்கிறது. கல்லின் நிறமும் பொன்னுக்கும் செம்மைக்கும் இடைப்பட்டது. விடியற்காலை வெயில் படும்போது சிலையே சூரியனாகிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கி.மு. 27ல் வந்த நிலநடுக்கத்தில் வடக்குச் சிலை பிளந்தது. அதற்குப் பிறகு விடியும் நேரத்தில் அதிலிருந்து ஒலி வந்ததாம். கிரேக்கர்களும் ரோமர்களும் அதைத் தங்கள் புராண வீரன் மெம்னோன் பாடுவதாக நம்பிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கி.பி. 130ல் பேரரசர் ஹேட்ரியனே மனைவியோடு வந்தார். வந்தவர்கள் பொறித்துவிட்டுப் போன கிரேக்க, லத்தீன் எழுத்துகள் சிலையின் கால்களில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நல்ல கதைதான். ஆனால் வழிகாட்டிகள் இதையே சொல்லிக்கொண்டிருப்பதால், பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பின்னால் இருந்தது ஒரு மாபெரும் கோயில். மன்னர் இறந்த பிறகும் வழிபாடு நடக்க வேண்டும் என்று கட்டிய நினைவாலயம். இன்று கோம் அல்-ஹெத்தான் என்று பெயர். இரண்டு சிலைகளும் அதன் வாசற்காவல் மட்டுமே. கோயிலைப் பற்றி மன்னர் எழுதிவைத்த கிரானைட் கல்வெட்டு, முழுவதும் பொன் வேய்ந்தது என்றும், தரை வெள்ளி என்றும், கதவுகள் பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம் என்றும் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு நமக்குக் கிடைத்த விதமே கோயிலின் கதியைச் சொல்லும். கி.மு. 1200 வாக்கில் ஒரு நிலநடுக்கம் கோயிலைச் சாய்த்தது. அதையொட்டிய காலத்தில் ஆண்ட மெர்னெப்தா, இந்தக் கோயிலைக் கல் எடுக்கும் இடமாக்கிக்கொண்டார். அமென்ஹோடெப்பின் கல்வெட்டையும் தூக்கிப் போய், பின்பக்கத்தில் தன் வெற்றிகளைப் பொறித்தார். 1896ல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி கண்டெடுத்த அதுதான் இஸ்ரேல் என்ற பெயர் இடம்பெற்ற மிகப் பழைய எழுத்துச் சான்று. உலகம் அதன் பின்பக்கத்துக்காகவே அதைப் போற்றுகிறது. எனக்கு அதன் முன்பக்கம்தான் முக்கியம்.

1998 முதல் ஹுரிக் சுருஸியன் தலைமையிலான குழு அந்த இடத்தில் வேலை செய்து வருகிறது. நிலத்தடி நீரும் உப்பும் அரித்துக்கொண்டிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உப்பை நீக்கி, பொருத்தி, நிமிர்த்துகிறார்கள். 2014ல் இரண்டு பேருருவச் சிலைகள் மீண்டும் எழுந்து நின்றன. இந்த வேலையால்தான் கோயிலின் அமைப்பே தெளிவாகத் தெரிந்தது. பெரிய முற்றத்தின் வடக்குப் பாதியில் தூண்களுக்கு நடுவே நின்ற மன்னர் சிலைகள் எல்லாம் குவார்ட்சைட். தலையில் கீழ் எகிப்தின் சிவப்புக் கிரீடம். தெற்குப் பாதியில் நின்றவை அஸ்வானின் சிவப்பு கிரானைட். தலையில் மேல் எகிப்தின் வெள்ளைக் கிரீடம். வடக்குக்கு வடக்கின் கல், தெற்குக்குத் தெற்கின் கல் என்று நாட்டின் வரைபடத்தையே முற்றமாக்கியிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சிவப்புக் கிரீடத்தோடு ஒரு குவார்ட்சைட் தலை இருக்கிறது. அது எந்தப் பக்கத்தில் நின்றது என்று இனி நீங்களே சொல்லிவிடலாம். இதே கோயிலில் கிடைத்த சிலைப் பீடங்களில் நோசோஸ், மைசீனி முதலிய, கிரேக்கப் பக்கத்து ஏஜியன் கடல் ஊர்களின் பெயர்களும் பொறித்திருக்கின்றன. மைசீனியில் இந்த மன்னரின் பெயர் பொறித்த மெருகுத் தகடுகளும் கிடைத்திருப்பதால், கடல் கடந்த தொடர்பு வெறும் ஏட்டுச் செய்தி இல்லை என்று உறுதியாகிறது.

இந்தக் கோயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை செக்மெத் சிலைகள். சிங்கத் தலை, பெண் உடல். நோயையும் அழிவையும் அனுப்புபவள், வேண்டிக்கொண்டால் தடுப்பவள். கருஞ்சாம்பல் நிற கிரானோடயோரைட் கல்லில், உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார்கள். மொத்தம் 730 என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு, கல்லில் எழுதிய தினசரி மந்திரம்போல. லக்ஸரின் கிழக்குக் கரையில் உள்ள கர்னாக்கில், மூத் என்ற பெண் தெய்வத்தின் கோயிலிலும் ஏராளமாக இருக்கின்றன. டூரின் அருங்காட்சியகத்தில் மட்டும் 21 இருக்கின்றன. எண்ணிக்கையைவிட என்னைக் கவர்வது சிற்பியின் தீர்வு. சிங்கமுகம் பெண்ணின் தோளோடு சேரும் இடம் பார்க்க விகாரமாக இருந்திருக்க வேண்டும். பிடரியையும் பெண்ணின் நீளக் கூந்தலையும் ஒன்றாக இழைத்து, அந்தச் சேர்க்கையைக் கண்ணே உணராதபடி செய்திருக்கிறார்கள். இவ்வளவு கடினமான கல்லில், இத்தனை நூறு தடவை, தரம் அதிகம் குறையாமல் செய்ய எத்தனை பட்டறைகள் இயங்கியிருக்க வேண்டும்!

அந்தப் பட்டறைகளில் இருந்தவர்களில் சிலரைப் பெயரோடு தெரியும். தலைமைச் சிற்பி மென். அஸ்வானில் ஒரு பாறையில் மென் அமென்ஹோடெப்பின் பேருருவச் சிலையின் முன் நிற்கிறார். பக்கத்திலேயே அவர் மகன் பாக், அடுத்த மன்னர் அக்கெனாதென் முன் நிற்கிறார். அப்பாவும் மகனும் அடுத்தடுத்த இரண்டு மன்னர்களின் சிற்பிகள். எகிப்தியக் கலையில் தலைகீழ் மாற்றம் என்று சொல்லப்படும் காலம், ஒரே வீட்டுக்குள் நடந்த கைமாற்றம்தான். சுத்தி, ஹோர் என்று இரட்டையர்களான கட்டடப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் வைத்த கல்வெட்டில் ஒரு சூரியத் துதி உண்டு. இவர்களுக்கெல்லாம் மேலே ஹாபுவின் மகன் அமென்ஹோடெப். பெரிய சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்திய பணியை மேற்பார்த்தவர். கர்னாக்கில் இவருடைய சிலைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் சம்மணமிட்டு, மடியில் சுருளை விரித்து, தொந்தி மடிப்போடு எழுதிக்கொண்டிருக்கிறார். மன்னர் இவருக்கென்று தனி நினைவாலயமே கட்ட அனுமதித்தார். பிற்காலத்தில் மக்கள் இவரை நோய் தீர்க்கும் தெய்வமாக வணங்கினார்கள்.

சரி, மன்னரின் முகத்துக்கு வருவோம். அவர் முகத்தை அடையாளம் காண்பது எளிது. சற்றே சாய்ந்த, நீண்ட பாதாம் வடிவக் கண்கள், கண்ணுக்கு மேல் வில்லாக வளையும் புருவம், குட்டை மூக்கு, தடித்த உதடு, உதட்டைச் சுற்றி மெல்லிய விளிம்புக் கோடு. முப்பதாம் ஆட்சியாண்டில் அரசனின் வலிமையைப் புதுப்பிக்கும் 'செத்' விழா நடந்தது. 34, 37ஆம் ஆண்டுகளிலும் நடந்தது. அந்த விழாக்களுக்குப் பிறகு செய்த சிலைகளில் முகம் வயதாவதற்குப் பதில் இளமையாகிறது. கன்னம் குழந்தைபோல் உப்புகிறது, கண் இன்னும் பெரிதாகிறது. விழாவில் மன்னர் சூரியனோடு கலந்துவிட்டார், தினமும் குழந்தையாகப் பிறக்கும் சூரியனுக்குரிய முகம் அவருக்கு வந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள் என்று எகிப்தியல் அறிஞர் ரேமண்ட் ஜான்சன் விளக்கினார். எனக்கு இந்த விளக்கம் முழுக்க ஏற்புடையது. அமர்னாவில் ஒரு வீட்டில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள சிறு கல்லில், அதே மன்னர் உடல் பெருத்து, தோள் தளர்ந்து, தியேயின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இளமை முகம் கண்ணால் கண்ட உடலின் படம் இல்லை, கொள்கையின் படம் என்பது உடனே விளங்கும்.

அந்தக் கொள்கையின் மிக அழகான வடிவம் 1989 ஜனவரியில் வெளியே வந்தது. லக்ஸர் கோயிலின் சூரிய முற்றத்தில் மண் சோதனைக்காகத் தோண்டியபோது, பழங்காலத்தில் பத்திரமாகப் புதைத்துவைத்த இருபதுக்கும் மேற்பட்ட சிலைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரச் செந்நிறக் குவார்ட்சைட் சிலை. இரட்டைக் கிரீடம், இளைஞனின் உடல். காலுக்குக் கீழே பீடம் இருக்க வேண்டிய இடத்தில், சிலைகளை இழுத்துச் செல்லும் சறுக்குப் பலகை செதுக்கியிருக்கிறது. அதாவது இது மன்னரின் சிலை இல்லை. ஊர்வலத்தில் வணங்கிய மன்னர் சிலையின் சிலை. தோலை வழவழவென்று மெருகேற்றிவிட்டு, நகை வரும் இடங்களைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள். அங்கே தங்கத் தகடு பிடித்துக்கொள்ளும். இப்போது லக்ஸர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே கட்டடத்தில் முதலைக் கடவுள் சோபெக் மன்னரின் மூக்கருகே உயிர்ச்சின்னத்தை நீட்டும் வெண்ணிறக் கால்சைட் சிலையும் இருக்கிறது. அதில் பொறித்த பெயர் இரண்டாம் ராம்சேஸ். ஆனால் செதுக்கிய முகம் சந்தேகமே இல்லாமல் அமென்ஹோடெப். ராம்சேஸ் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். இப்படி முன்னோர் சிலைகளில் தன் பெயரை ஏற்றிக்கொள்வது அவருக்கு வழக்கம். அதனால் அவர் பெயரோடு எதைப் பார்த்தாலும் கண்ணையும் உதட்டையும் ஒருமுறை பாருங்கள்.

பெரிய சிலைகளுக்கு நேர் எதிர்முனையில் அரண்மனைப் பொருள்கள். முதல் செத் விழாவை ஒட்டி மேற்குக் கரையில் மல்கட்டா என்ற இடத்தில் சுடாத பச்சைச் செங்கல்லால் அரண்மனை எழுந்தது. பக்கத்திலேயே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான செயற்கைத் துறைமுகம். சுவர் இடிந்துவிட்டது, ஆனால் விழுந்து கிடந்த, ஓவியம் தீட்டிய சுதைத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 1910 முதல் 1920 வரை தோண்டியெடுத்தது. படுக்கையறைக் கூரையில் வரிசையாகச் சிறகு விரித்த கழுகுகள். இன்னொரு கூரையில் சுருள் கோலத்துக்கு நடுவே காளைத் தலைகள். தரையில் மீனும் வாத்தும் நிறைந்த குளம். கல்லில் கண்ட கடவுள், வீட்டில் குளத்துத் தண்ணீர்மேல் நடந்திருக்கிறார். விழாவுக்கு வந்த மதுவும் இறைச்சியும் கொழுப்பும் இன்ன ஆண்டில் இன்னாரிடமிருந்து வந்தது என்று மையால் எழுதிய ஜாடித் துண்டுகள் சுமார் 1,400 கிடைத்திருக்கின்றன. மூன்று விழாக்களும் எந்தெந்த ஆண்டில் நடந்தன என்பதற்கு இந்தச் சமையலறைக் கணக்குகளே முக்கியச் சான்று.

இதே பட்டறைகளின் நீலத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஃபயான்ஸ் என்பது குவார்ட்ஸ் மணல்தூளைப் பிசைந்து உருவாக்கிச் சுடும் பொருள். சூளையில் மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறும். இவர் காலத்தில் அது எட்டிய நேர்த்திக்கு மெட்ரோபாலிடனில் உள்ள 25 சென்டிமீட்டர் ஸ்பிங்க்ஸ் போதும். உடல் முழுக்க ஒரே சீரான ஆழ்ந்த நீலம். சிங்க உடல், ஆனால் முன்னங்கால்களுக்குப் பதில் மனிதக் கைகள், கைகளில் படையல் பானைகள். மன்னர், அரசி பெயர்கள் எழுதிய கண்மைக் குழாய்களும் பல வண்ணங்களில் செய்திருக்கிறார்கள். சூளையில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு விதமாக உருகும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் குழாய்களின் அருமை புரியும்.

மரவேலையும் தங்கவேலையும் பார்க்க வேண்டுமென்றால் மன்னரின் மாமனார், மாமியார் கல்லறைதான் வழி. 1905 பிப்ரவரியில் ஜேம்ஸ் குயிபெல் அதைத் திறந்தார். கொள்ளையர் நுழைந்திருந்தாலும் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. துட்டன்காமன் கல்லறை கிடைக்கும்வரை அரசர் பள்ளத்தாக்கின் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். யூயாவின் பொன் வேய்ந்த சவப்பெட்டிகள், தூயாவின் முகமூடி, ஒரு தேர், கட்டில்கள், அமென்ஹோடெப்பும் தியேயும் பெயர் பொறித்துக் கொடுத்த நகைப்பெட்டி. இளவரசி சிதாமுனின் நாற்காலி ஒன்று போதும் இந்தக் காலத்தின் கைத்திறனுக்கு. முன்பக்கத்தில் பொன் பூசிய பெண் தலைகள். சாய்மானத்தில் தெற்கு நாடுகளின் தங்கம் தட்டுத்தட்டாக இளவரசியிடம் வந்து சேரும் காட்சி. துட்டன்காமனின் நாற்காலிகளைப் பார்த்து வியந்தவர்கள் இதைப் பார்த்தால் அந்தக் கைகள் எங்கே பயின்றன என்று கண்டுகொள்வார்கள்.

சூடானிலும் இந்தத் திட்டம் நீள்கிறது. சோலெப் என்ற இடத்தில் கட்டிய கோயிலின் சுவரில் மன்னர் தனக்குத்தானே படையல் வைக்கிறார். அங்கே அவர் நூபியாவின் தெய்வம். அந்தக் கோயிலுக்காகச் செய்த சிவப்பு கிரானைட் சிங்கங்கள் இரண்டு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பின்னால் வந்த குஷ் நாட்டு மன்னர் ஒருவர் ஜெபல் பார்க்கலுக்கு எடுத்துப்போக, அங்கிருந்து பிரூடோ பிரபு கொண்டுவந்து 1835ல் கொடுத்தார். முன்கால்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுத்திருக்கும் அந்தச் சிங்கங்களைவிடச் சிறந்த விலங்குச் சிற்பம் எகிப்தில் இல்லை என்பது என் எண்ணம். ஒன்றில் துட்டன்காமனின் பெயரும் இருக்கிறது.

இந்தக் கலைக்கு முதல் அடி கொடுத்தவர் மன்னரின் மகனேதான். அக்கெனாதென் அமுன் என்ற கடவுளின் பெயரை நாடு முழுக்கச் செதுக்கி அழிக்கச் சொன்னார். அமென்ஹோடெப் என்ற பெயரிலேயே அந்தக் கடவுள் இருந்ததால் தந்தையின் பெயரும் தப்பவில்லை. லக்ஸரின் அந்தச் செந்நிறச் சிலையிலும் அந்த வடு உண்டு. மகன் காலத்தில் துஷ்ரத்தா எழுதிய கடிதம் இன்னொரு வருத்தத்தைச் சொல்கிறது: உங்கள் தந்தை எனக்குக் கெட்டித் தங்கச் சிலைகள் தருவதாகச் சொன்னார், நீங்கள் மரத்துக்குத் தங்க முலாம் பூசி அனுப்பியிருக்கிறீர்களே என்று.

பிறகு வந்தவர்கள் கல்லை எடுத்தார்கள்; அதற்குப் பிறகு வந்தவர்கள் சிலையையே எடுத்தார்கள். நினைவாலயத்தின் இரண்டு கிரானைட் ஸ்பிங்க்ஸ்கள் 1834 முதல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நேவா ஆற்றங்கரையில், பனியிலும் மழையிலும் கிடக்கின்றன. கல்லறைச் சுவரிலிருந்து அறுத்தெடுத்த மன்னரின் முகங்கள் பாரிஸ் லூவ்ரில் இருக்கின்றன. அவை திரும்பி வர வேண்டும் என்று எகிப்திய அறிஞர்கள் கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஒரு சுவரில் முகத்தின் அளவுக்குச் சதுர ஓட்டையை விட்டுவிட்டு, முகத்தை வேறொரு நாட்டில் கண்ணாடிக்குள் வைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

நீங்கள் நேரில் பார்க்க நினைத்தால் லக்ஸரில் இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கிழக்குக் கரை. லக்ஸர் கோயிலில் மன்னர் கட்டிய தூண் வரிசையையும் சூரிய முற்றத்தையும் பாருங்கள். உள்ளே ஒரு அறையில், அமுன் கடவுளே தந்தையாக வந்து மன்னர் பிறந்த கதை சுவரில் செதுக்கியிருக்கிறது. மாலையில் அருங்காட்சியகம். இரண்டாம் நாள் விடியும்போதே மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள். மெம்னோன் சிலைகளின் கல் நிறம் மாறுவதை அப்போதுதான் பார்க்க முடியும். மேற்குப் பள்ளத்தாக்கில் உள்ள மன்னரின் கல்லறை ஜப்பானியர் உதவியோடு நீண்ட காலம் சீரமைக்கப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. கூட்டம் குறைவான இடம். அங்கிருந்து திரும்பும் வழியில் அமைச்சர் ரமோஸின் கல்லறையைத் தவறவிடாதீர்கள். வண்ணம் தீட்டாத வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் விருந்தினர்களின் உருவங்கள், கண்ணுக்கு மட்டும் கறுப்பு மை. உள்ளே ஒரு சுவரில் அக்கெனாதென் பாணியில் நீண்ட முகமும் சரிந்த வயிறுமாக உருவங்கள் ஆரம்பமாகியிருக்கும். சில அடி தூரத்தில் தந்தையின் பாணியும் மகனின் பாணியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மேலே சொன்ன எல்லாவற்றையும் அங்கே வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.